மெலிசு நெக்னு சொன்னதும் வாங்கிராதீங்க: கைக்கு குறை உள்ளவங்க கிட்டார் எடுக்கும்போது

திருவனந்தபுரத்துல ஒரு கடை, பேரு வேண்டாம். உள்ள போயி கிட்டார் பாக்கணும்னு சொன்னதும் அந்த சேட்டன் எனக்க இடது கையப் பாத்தாரு, ஒண்ணும் கேக்கல, செவுத்துல தொங்குனதுல ஒண்ண எடுத்து நேரா மடியில வச்சாரு. "இது நோக்கு, ஏற்றவும் ஸ்லிம் நெக்காணு, கைக்கு ஒரு புத்திமுட்டும் உண்டாவில்லா"ன்னாரு, அதாவது ரொம்ப மெலிசு நெக், கைக்கு ஒரு கஷ்டமும் வராதுன்னு. நெக்னா இடது கை பிடிக்கிற கிட்டாருக்க நீட்டு கழுத்து. ரெண்டு கார்டு, அதாவது பல கம்பிய சேத்து அழுத்துற பிடி, பிடிச்சுப் பாத்தேன், கை சும்மா வழுக்கிக்கிட்டு போச்சு, அடுத்த அஞ்சு நிமிஷத்துல பில்லு போட்டாச்சு. தம்பானூர்ல பஸ் ஏறி களியக்காவிளை தாண்டுறதுக்குள்ள மனசுக்குள்ள கிறிஸ்மஸ் ஆராதனையே வாசிச்சு முடிச்சிட்டேன்.

பத்து நாள் தான். பெருவிரலுக்கு அடியில, உள்ளங்கை சதை தொடங்குற எடத்துல ஒரு குத்து வலி. பதினஞ்சு நிமிஷம் வாசிச்சா சோத்துப் பானைய தூக்க முடியாது, அவ்வளவு வலி. கை தான் கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன், கிட்டார் மேல சந்தேகமே வரல, ஏன்னா அது "மெலிசு நெக்" ஆச்சே. அது இப்ப எங்க அண்ணன் மவன் கையில இருக்கு, அவனுக்கு பத்து விரலும் ஒழுங்கா மடங்கும், அவனுக்கு அது கொள்ளாம்.

எனக்க கை கத சுருக்கமா சொல்லிருதேன். கன்னியாகுமரி மாவட்டம் அருமனைக்கு பக்கத்துல வீடு, வீட்டோட சேந்து கொஞ்சம் ரப்பர். 24 வயசுல ரப்பர் ஷீட் அடிக்கும்போது ரோலர்ல இடது கை போயிட்டு. மோதிரவிரல்ல மேல் கணு இல்ல, சுண்டுவிரல் இருக்கு ஆனா மடங்காது, விறகுக் கொள்ளி மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். அதுக்கு முன்னால எட்டு வருசம் சர்ச் குயர்ல வாசிச்சவன், பிறகு ஒன்றரை வருசம் கிட்டார தொடவே இல்ல. அதுக்கப்புறம் இந்த பதினாலு வருசத்துல நாலு கிட்டார் மாத்தியாச்சு, அதுல ரெண்டு தப்பு. அந்த ரெண்டு தப்ப நீங்க செய்யாம இருக்கத்தான் இத எழுதுதேன்.

முதல்ல கடைக்கு போகாதீங்க. வீட்டுல உக்காந்து கையப் பாருங்க, எது முடியலன்னு பைய யோசிங்க. எல்லாருக்கும் ஒரே வகை கஷ்டம் கெடயாது. சிலருக்கு விரல் விரியாது. சிலருக்கு விரியும் ஆனா கம்பிய அழுத்த பலம் இருக்காது. சிலருக்கு மணிக்கட்டு திரும்பாது, இல்ல பெருவிரல் மூட்டு தேஞ்சு போயிருக்கும். சிலருக்கு விரல் மரத்துப் போயி எந்த கம்பி மேல இருக்குன்னே தெரியாது. சிலருக்கு எனக்கு மாதிரி விரலே பத்தாது. இதுல ஒவ்வொண்ணுக்கும் நெக்குல ஒவ்வொரு எடம் பதில் சொல்லும். விரியாத கைக்கு ஸ்கேல் நீளம், பலமில்லாத கைக்கு கம்பியும் அதுக்க உயரமும், பெருவிரல் மணிக்கட்டு வலிக்கு நெக்குக்க கனமும் வடிவும், மரத்த விரலுக்கு நட் அகலம். இந்த பேரெல்லாம் என்னன்னு கீழ ஒவ்வொண்ணா சொல்லுதேன். கடைக்காரரு இத எல்லாம் சேத்து "கம்ஃபர்ட்"னு ஒரே வார்த்தையில சொல்லிருவாரு, அங்க தான் நாம மாட்டுறது.

கனத்துல இருந்து தொடங்குதேன், ஏன்னா எனக்க காசு போனது அதுல தான். நெக்குக்க கனம்னா முன்பக்கம் கம்பிக்கு அடியில உள்ள ஃப்ரெட்போர்டு பலகை மேல இருந்து பின்பக்கம் பெருவிரல் படுற எடம் வரைக்கும் உள்ள தடிமன். வேகமா வாசிக்கிறவங்களுக்குன்னு வர்ற எலெக்ட்ரிக் கிட்டார்ல முதல் ஃப்ரெட் (நெக்குல குறுக்க பதிச்ச உலோகக் கோடு) கிட்ட 18, 19 மில்லி தான் இருக்கும், சாதாரணமா 20ல இருந்து 21, பழைய மாடல் தடிச்ச நெக்குல 23, 24 கூட வரும். வெறும் நாலஞ்சு மில்லி வித்தியாசம் தானேன்னு தோணும், கைக்கு அது பெரிய வித்தியாசம். கட்டவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேத்து ஒரு மெலிசான பேப்பர இறுக்கிப் பிடிச்சுப் பாருங்க, பிறகு ஒரு கொய்யாக்காய பிடிச்சுப் பாருங்க. பேப்பர பிடிக்கும்போது விரல் நுனி தான் வேல செய்யும், கொய்யாக்காய்ல மொத்த கையும் சேந்து தாங்கும். நுனியில கொடுக்குற அழுத்தம் பெருவிரல் அடி மூட்டுக்கு போகும்போது பல மடங்கா ஏறும், மெலிசு நெக்குல நாம செய்யுறது அந்த நுனிப் பிடி தான். மூட்டு தேய்மானம் உள்ளவங்க, ரெண்டு மூணு விரலால மொத்த வேலையும் செய்யுறவங்க, இவங்களுக்கு கொஞ்சம் தடிச்ச நெக் தான் சுகம். அதே நேரம் கை ரொம்ப சின்னது, விரல் குட்ட, இல்ல விரல் முழுசா மடங்காம பாதியிலயே நிக்குதுன்னா தடிச்ச நெக்க சுத்தி விரல் கம்பிக்கு வந்தே சேராது, அவங்களுக்கு மெலிசு சரி. அதனால மெலிசு நல்லதா தடி நல்லதான்னு பொதுவா கேட்டா பதில் கெடையாது.

இத வீட்டுலயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பழைய நோட்டு புத்தகம் ரெண்டு மூணு எடுத்து ஸ்கேல் வச்சு 19 மில்லி, 21 மில்லி, 23 மில்லின்னு மூணு கட்டா அடுக்கி டேப்பு போட்டு ஒட்டுங்க. டிவி பாக்கும்போது ஒவ்வொண்ணையும் கார்டு பிடிக்கிற மாதிரி, பெருவிரல் ஒரு பக்கம் மத்த விரல் மறுபக்கம், பத்து பத்து நிமிஷம் விட்டு விட்டு அழுத்துங்க, ஒரு நாளைக்கு ஒரு கட்டு. மறுநாள் காலையில எந்தக் கட்டுக்கு கை முறுமுறுக்குதுன்னு பாருங்க. நெக் மாதிரி உருண்டு இருக்காது தான், இருந்தாலும் எந்த அளவுல கை அடங்குதுன்னு நல்லோணம் தெரிஞ்சிரும். எனக்கு 23ல தான் கை சுகமா இருந்துது, நானே நம்பல. கையில ஏற்கனவே மெலிசு நெக் கிட்டார் இருந்தா சைக்கிள் டியூப்ப பட்டையா வெட்டி முதல் நாலு ஃப்ரெட்டுக்கு பின்னால ரெண்டு அடுக்கா டேப்பு போட்டு பிடிப்பிச்சு ஒரு வாரம் வாசிச்சுப் பாருங்க, ரப்பர் கைய வழுக்க விடாது, நிரந்தரமா வைக்க முடியாது, ஆனா தடிச்ச நெக் உங்களுக்கு ஆகுமா ஆகாதான்னு காசு செலவில்லாம தெரியும்.

வடிவம்னு ஒண்ணு இருக்கு, நெக்க குறுக்க வெட்டுனா பின்பக்கம் எப்படி வளைஞ்சிருக்குங்கறது. இங்கிலீஷ் எழுத்து சி மாதிரி இருந்தா சி ஷேப், தட்டையா இருந்தா டி, நடுவுல முனை மாதிரி வந்தா வி, தோள் தடிச்சு இருந்தா யு. பெருவிரல நெக்குக்க நடுவுல வச்சு வாசிக்கிறவங்களுக்கு டி ஒத்து வரும், பெருவிரல மேல எட்டிப் பாக்க விடுறவங்களுக்கு சி, வி. மோதிரவிரல் சுண்டுவிரல் போனவங்க பெருவிரலால ஆறாவது கம்பிய மேல இருந்து அழுத்துறத பழகுங்க, எஃப் கார்டுக்கு அது ஒரு விரல் மிச்சம். அதுக்கு டி ஷேப் தொல்லை கொடுக்கும், நான் சி தான் சொல்லுவேன்.

இனி ஸ்கேல் நீளம். தலைப்பக்கம் உள்ள நட்டுல இருந்து உடம்புல கம்பி கட்டுற பிரிட்ஜ் வரைக்கும் கம்பி ஆடுற நீளம் அது, இது கொறஞ்சா ஃப்ரெட்டுகளும் நெருங்கி வரும். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி கிட்டார்ல 648 மில்லி, கிப்சன் லெஸ் பால் வகையில சுமார் 628, ஃபெண்டர் மஸ்டாங், ஜாகுவார் ரெண்டுலயும் 610. நம்ம ஊர்ல பாதி பேரு தொடங்குற யமஹா எஃப் 310ல 634, நைலான் கம்பி போட்ட யமஹா சி 40ல 650, அதுக்க சின்ன தம்பி சிஎஸ் 40ல 580. நட்டுல இருந்து நாலாவது ஃப்ரெட் வரைக்கும் கணக்கு போட்டா 648ல 134 மில்லி, 628ல 130, 610ல 126, 580 பக்கத்துல 120. நாலு மில்லின்னா ஒண்ணுமில்லன்னு விரல் நல்லா இருக்குறவன் சொல்லுவான், மடங்காத சுண்டுவிரல வச்சுக்கிட்டு அந்த நாலு மில்லிய எட்டிப் பிடிக்கப் போறவனுக்கு தான் அது தெரியும்.

சின்ன ஸ்கேல் கிட்டார் வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க முதல்ல ஒரு கேபோ வாங்குங்க, எல்லா கம்பியையும் ஒரு ஃப்ரெட்டுல சேத்து அமுக்கிப் பிடிக்கிற கிளிப் அது. 648 ஸ்கேல் கிட்டார்ல ரெண்டாவது ஃப்ரெட்டுல கேபோ மாட்டுனா மிச்சம் இருக்குற நீளம் 577, அதாவது கடையில விக்கிற முக்கால் சைஸ் கிட்டார் அளவு. முதல் ஃப்ரெட்டுல மாட்டுனா 612, ஏறக்குறைய மஸ்டாங். சுருதி ஏறிருமேன்னா கம்பிய அதுக்கு ஏத்த மாதிரி எறக்கிட்டு மாட்டுங்க, ரெண்டாவது ஃப்ரெட்டுன்னா ஒரு முழு டோன். இப்படி ஒரு மாசம் வாசிச்சு கைக்கு வித்தியாசம் தெரிஞ்சா மட்டும் சின்ன ஸ்கேல தேடுங்க, தெரியலன்னா உங்க பிரச்சன நீளம் இல்ல, வேற. எங்க குயர்ல ஒரு தங்கச்சிக்கு பொறந்ததுல இருந்தே இடது கை சின்னது, நாலு கடை ஏறி இறங்கி முக்கால் சைஸ் தேடிக்கிட்டு இருந்தா, இந்த கேபோ வேலைய காட்டுனேன், மூணாவது ஃப்ரெட்டுல வச்சு இப்பவும் அதே பழைய கிட்டார்ல தான் வாசிக்கிறா. சின்ன ஸ்கேல்ல ஒரு கெட்டதும் உண்டு, விரல் தடிச்சவங்களுக்கு பத்தாவது ஃப்ரெட்டுக்கு மேல எடமே இருக்காது, குயருக்கு மேல போக வேண்டிய தேவை கொறவு, சோலோ வாசிக்கிறவங்க பாத்துக்கோங்க.

நட் அகலம். நெக் தலைப்பக்கம் தொடங்குற எடத்துல இருக்குற வெள்ள பட்டை தான் நட், அங்க குறுக்க எத்தன மில்லின்னு பாக்கணும். எலெக்ட்ரிக் கிட்டார்ல 41ல இருந்து 43, ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக்ல 43, சிலதுல 44.5, நைலான் கம்பி கிளாசிக்கல்ல 52, நான் மேல சொன்ன சிஎஸ் 40ல 48. மரத்துப் போன விரல், வெந்து தழும்பாகி தடிச்ச விரல், நடுங்குற கை, இதுக்கெல்லாம் அகலம் வேணும், இல்லன்னா ஒரு கம்பிய அழுத்தப் போயி பக்கத்து கம்பிய அமுக்கிப் போடுவோம், சத்தம் செத்துப் போகும். ஏ மேஜர் கார்டு பிடிச்சுப் பாருங்க, ரெண்டாவது ஃப்ரெட்டுல மூணு விரல் வரிசையா நிக்கணும், 41ல நெருக்கியடிச்சு நிக்கும், 48ல தாராளமா நிக்கும். ஆனா அகலம் கூடக்கூட ஆறாவது கம்பிக்கு விரல் எட்டணும்னா மணிக்கட்டு வெளிய வளையணும், மணிக்கட்டுல நரம்பு அழுத்தம் உள்ளவங்களுக்கு, அதாவது ராத்திரி பெருவிரல் ஆள்காட்டி விரல் நடுவிரல் மூணும் மரத்துப் போயி எழும்புறவங்களுக்கு, அந்த வளைவு தான் எதிரி. அவங்க 43 பக்கம் நின்னுக்கிட்டு நெக்க ஒயர தூக்கி வச்சு வாசிக்கணும்.

ஃப்ரெட்போர்டு மேல் பக்கம் லேசா உருண்டு இருக்கும், கிளாசிக்கல்ல மட்டும் தட்டை. ரொம்ப உருண்டதா இருந்தா பார் கார்டுக்கு, அதாவது ஒரே விரலால எல்லா கம்பியையும் குறுக்க அழுத்துறதுக்கு, விரல் அப்படியே படிஞ்சு உக்காரும், ஆனா கம்பிய இழுத்து பெண்ட் பண்ணுனா சத்தம் அடைக்கும். மூட்டு வளஞ்சு போயி விரல நேரா நீட்ட முடியாதவங்களுக்கு உருண்டது நல்லது. அவ்வளவு தான் இதுல.

இப்ப ஒரு உண்மைய சொல்லணும். நெக் சரியில்ல நெக் சரியில்லன்னு நாம திட்டுற கிட்டார்ல பாதி, நெக் நல்லாத்தான் இருக்கும், கம்பி தான் ஒயரத்துல நிக்கும். பன்னெண்டாவது ஃப்ரெட்டுல கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல ஸ்கேல் வச்சு அளங்க, அக்கூஸ்டிக்ல தடிச்ச கம்பிக்கு இரண்டரை மில்லி பக்கம், மெலிசு கம்பிக்கு ரெண்டுக்கு கீழ இருந்தா சரி, எலெக்ட்ரிக்ல ஒன்றரை பக்கம் கூட கொண்டு வரலாம். மூணரை நாலு இருந்தா அத வாசிக்க ஆரோக்கியமான கையே தெணறும். அடுத்தது நட் பள்ளம், இத யாருமே பாக்குறதில்ல: ஒரு கம்பிய மூணாவது ஃப்ரெட்டுல அழுத்திக்கிட்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேல பாருங்க, ஒரு மயிரிழை எடவெளி தான் இருக்கணும், நல்லா வெளிச்சம் தெரியுற அளவுக்கு இருந்தா நட் பள்ளம் ஒயரம், எஃப் கார்டு ஏன் உயிர வாங்குதுன்னா இதனால தான். அரம் வச்சு ராவி விட்டா சரியாகும், தெரிஞ்சவங்க கிட்ட கொடுங்க, நீங்களே ராவுனா ஆழம் கூடிப் போயி கம்பி ஃப்ரெட்டுல தட்டி கறகறன்னு கேக்கும். பிரிட்ஜ் மேல கம்பிய தாங்குற சின்ன பட்டை தான் சேடில், அத எடுத்து அடிப்பக்கம் வாட்டர் பேப்பர்ல தேய்க்கிறது வீட்டுல செய்யலாம், பன்னெண்டாவது ஃப்ரெட்டுல ஒரு மில்லி எறங்கணும்னா சேடில்ல ரெண்டு மில்லி தேய்க்கணும், கொஞ்சம் தேய்ச்சு மாட்டிப் பாத்து திரும்பவும் தேய்ங்க, ஒரேயடியா தேச்சா திரும்ப வராது. ட்ரஸ் ராட் (நெக்குக்க வளைவ சரி பண்ண உள்ள விட்டிருக்குற இரும்புக் கம்பி) திருப்புறதுன்னா ஒரு தடவைக்கு கால் சுத்து, அதுக்கு மேல வேண்டாம்.

கம்பியும் அப்படித்தான். அக்கூஸ்டிக்குக்கு வழக்கமா பன்னெண்டு செட் போட்டு கொடுப்பாங்க, எண்ணு கொறஞ்சா கம்பி மெலிசு, பலமில்லாத கைக்கு பத்து செட் கேட்டு வாங்குங்க, எலெக்ட்ரிக்குக்கு ஒம்பது, இல்லன்னா எட்டு. இருக்குற கம்பிய அரை டோன், அதாவது ஒரு ஃப்ரெட் அளவு, சுருதி எறக்கி வச்சாலே இழுவிசை 11 சதவீதம் கொறையும், ஒரு டோன் எறக்குனா 20 சதவீதத்துக்கு மேல, அதுக்கு ஒரு பைசா செலவில்ல. 648ல இருந்து 610 ஸ்கேலுக்கு மாறுறதுல கெடைக்கிறதும் அதே 11 சதவீதம் தான், கணக்கு பாத்துக்கோங்க. பிளாக் சபாத் பேண்டுல கிட்டார் வாசிச்ச டோனி அயோமிக்கு 17 வயசுல தகரத் தகடு ஃபேக்டரியில வலது கையில நடுவிரல் மோதிரவிரல் ரெண்டுக்கும் நுனி போச்சு, அவரு இடது கைக்காரரு, அதனால கம்பிய அழுத்துற கை அது தான். பிளாஸ்டிக் குப்பிய உருக்கி விரலுக்கு தொப்பி செஞ்சு மேல தோல் ஒட்டி, மெலிசு கம்பி வேணும்னு பேஞ்சோ கம்பிய மாட்டி, பின்னால சுருதியையும் எறக்குனாரு. ஜாஸ் கிட்டார்காரரு ஜாங்கோ ரைன்ஹார்ட் 1928ல வண்டி தீப்பிடிச்சதுல இடது கையில ரெண்டு விரல் சுருண்டு போயி மிச்ச ரெண்டு விரல்லயே சோலோ வாசிச்சாரு. இவங்கள காட்டி "அவங்க சாதிக்கலையா"ன்னு எனக்க கிட்ட வந்து பேசுறவங்கள கண்டாலே எரிச்சல் வரும், நான் சொல்ல வந்தது அது இல்ல. அயோமி கை போன பிறகு கிட்டார்ல மாத்துனது கம்பிய, அத மட்டும் எடுத்துக்கோங்க.

கடைக்கு போகும்போது செய்யுறது இப்படி. காலையிலயே போகாதீங்க, கை ஓஞ்சு இருக்குற நேரத்துல, சாயங்காலம் போங்க, அப்ப தான் உண்மை தெரியும். ஸ்கேலும் முடிஞ்சா ஒரு வெர்னியர் காலிப்பரும் கொண்டு போங்க, லேத்து பட்டறையில தெரிஞ்சவங்க இருந்தா ஒரு நாளைக்கு கேட்டா தருவாங்க, கம்பிக்கு ஊடால விட்டு நெக் கனத்த அளந்துரலாம். உக்காந்து பத்து நிமிஷம், ஸ்ட்ராப் மாட்டி நின்னு பத்து நிமிஷம், ரெண்டும் வேணும். நிக்கும்போது இடது கைய நெக்குல இருந்து எடுத்துருங்க, தலைப்பக்கம் சரசரன்னு கீழ எறங்குச்சுன்னா அந்த கிட்டார் வேண்டாம், ஏன்னா வாசிக்கிற நேரம் முழுக்க உங்க கேடான கை அந்த பாரத்த தாங்கிக்கிட்டு தான் வாசிக்கணும். சொரசொரப்பான அகல ஸ்ட்ராப் கொஞ்சம் உதவும். அப்புறம் நீங்க தினசரி வாசிக்கிற பாட்ட வாசிங்க, கடையில எல்லாரும் செய்யுற மாதிரி பெரிய வித்தை காட்ட வேண்டாம். எஃப், பி மைனர், உங்களுக்கு எது கஷ்டமோ அத பிடிச்சு ஒரு நிமிஷம் விடாம நில்லுங்க. கடைக்காரரு பொறுமை இழந்தா இழக்கட்டும், "சேட்டா கொறச்சு சமயம் வேணும்"னு ஒரு வார்த்த சொன்னா போதும், நம்ம பக்கத்து கடைன்னா டீ வாங்கி கொடுத்துட்டு உக்கார வைப்பாங்க.

மழையையும் கணக்குல எடுக்கணும். நம்ம பக்கம் இடவப்பாதியும் (ஜூன்ல தொடங்குற மழை) பெய்யும் ஐப்பசியும் பெய்யும், மரம் ஈரத்த குடிச்சு அக்கூஸ்டிக் வயிறு ஊதுனா கம்பி ஒயரும், ஏசி கடையில ஏப்ரல் மாசம் பூ மாதிரி இருந்த கிட்டார் ஜூலையில இரும்புக் கம்பி வேலியா இருக்கும். அதனால வாங்கும்போதே சேடில எறக்க எடம் இருக்கான்னு பாருங்க, பிரிட்ஜுக்கு மேல சேடில் கொஞ்சமாவது நீட்டிக்கிட்டு நிக்கணும், ஏற்கனவே மட்டமா இருந்தா பின்னால எறக்க வழியில்ல. பளபளன்னு பாலீஷ் போட்ட நெக் வேர்த்த கையில ஒட்டிப் பிடிக்கும், கைய நகத்த கஷ்டப்படுறவங்களுக்கு மேட் ஃபினிஷ் நல்லது. பழசுன்னா ரொம்ப நைசான வாட்டர் பேப்பர் வச்சு பின்பக்கத்த மட்டும் லேசா தேச்சு பளபளப்ப எடுத்துரலாம், வாரண்டி போயிரும்ங்கறத சொல்லிட்டேன்.

வீல்சேர்ல இருந்து வாசிக்கிறவங்களுக்கு நெக்க விட உடம்பு தான் முதல் தொல்லை, ட்ரெட்நாட்னு சொல்லுற பெரிய கிட்டார் உடம்பு வீல்சேர் கைப்பிடியில இடிச்சு கிட்டார் சாய்ஞ்சு போயி இடது மணிக்கட்டு மடங்கும். ஒரு பக்க கைப்பிடிய கழட்ட முடிஞ்சா கழட்டுங்க, சின்ன உடம்பு கிட்டார் பாருங்க, உக்காந்திருந்தாலும் ஸ்ட்ராப் மாட்டுங்க. கண்ணு தெரியாதவங்களுக்கு நெக்குக்க மேல் விளிம்புல அஞ்சு, ஏழு, பன்னெண்டாவது ஃப்ரெட் கிட்ட நெயில் பாலிஷ் ஒரு சொட்டு மேடா வச்சு காய விட்டா பெருவிரலுக்கு தட்டுப்படும்.

இடது கை ரொம்ப மோசம்னா இன்னொரு கேள்வி இருக்கு, திருப்பிப் பிடிக்கலாமா? வலது கையால அழுத்தி, இடது கையால பிக் (கம்பிய தட்டுற சின்ன துண்டு) பிடிச்சு. பிக் பிடிக்க பெருவிரலும் ஆள்காட்டி விரலும் போதும், எனக்கு அது ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. புதுசா படிக்க தொடங்குறவங்க இத முதல்லயே யோசிங்க, நான் எட்டு வருசம் ஒரு பக்கமா வாசிச்சு பழகிட்டு திருப்ப மனசு வரல, இப்பவும் அது சரியான முடிவா தப்பான்னு எனக்குள்ள ஒரு வழக்கு நடக்குது. இடது கை கிட்டார் கடையில அதிகம் வைக்கிறதில்ல, சொல்லி வச்சு எடுக்கணும், வலது கை கிட்டார்ல கம்பிய மட்டும் மாத்துனா நட் பள்ளம் பொருந்தாது, சேடில் சரிவு எதிர்ப்பக்கம் ஆகி மேல் ஃப்ரெட்டுல சுருதி பிசகும். விரல் எதுவுமே மடங்காதுன்னா நெக்க கட்டிப் பிடிக்கவே வேண்டாம், மடியில படுக்கப் போட்டு கம்பிய ஓப்பன் டியூனிங்ல, அதாவது அழுத்தாமலே ஒரு கார்டு கேக்குற மாதிரி, வச்சு ஒரு ஸ்டீல் உருளையால வழிச்சு வாசிக்கலாம். நம்ம சித்திரவீணையும் படுக்க வச்சு வாசிக்கிறது தானே, ஃப்ரெட்டே கிடையாது, மேல ஒரு உருளைய வழிச்சுக்கிட்டே போறாங்க. கனடா கிட்டார்காரரு ஜெஃப் ஹீலி கண்ணு தெரியாதவரு, கிட்டார மடியில வச்சு மேல இருந்து பெருவிரல் உட்பட அஞ்சு விரலாலயும் அழுத்துவாரு. மடியில வச்சா நெக் கனமும் ஷேப்பும் ஒரு பொருட்டே இல்ல.

எனக்க கையில இப்ப இருக்குறது 628 ஸ்கேல், 43 நட், முதல் ஃப்ரெட்டுல 23 மில்லி கனம், செகண்ட் ஹேண்ட், ஒம்பது செட் கம்பி, அரை டோன் எறக்கம். குயர் மாஸ்டருக்கு இந்த அரை டோன் புரியாம முதல் மாசம் சண்ட, பிறகு முதல் ஃப்ரெட்டுல கேபோ மாட்டி ஒத்துப் போயாச்சு. ஆராதனையில நாப்பது நிமிஷம் வாசிச்சாலும் மறுநாள் வலி இல்ல.

ஆன்லைன்ல எடுக்குறவங்களும் சரி கடையில எடுக்குறவங்களும் சரி, காசு கொடுக்குறதுக்கு முன்னால எத்தன நாளைக்குள்ள திருப்பி எடுப்பீங்கன்னு கேட்டு அத பில்லுல எழுதி வாங்குங்க. எனக்கு வலி தொடங்குனது பத்தாவது நாள், பில்லுக்க பின்பக்கம் சின்ன எழுத்துல போட்டிருந்தது ஏழு நாள்.